வே பிரிட்ஜ் அறையின் மஞ்சள் கம்ப்யூட்டர்

அப்பா பதினாலு வருஷம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் வே பிரிட்ஜ் கிளார்க்காக இருந்தார். லாரி மேடை மேல் ஏறி நிற்கும், எடை திரையில் விழும், அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் மூணு காப்பி சீட்டு அடித்து டிரைவரிடம் நீட்ட வேண்டும். வேலை அவ்வளவுதான். பகல் ஷிஃப்ட், இரவு ஷிஃப்ட் என்று அந்த அறை தூங்கியதே கிடையாது. பின்னாளில் மில் கைமாறியபோது ஆபீஸில் இருந்த பழைய சாமான்கள் எல்லாம் காயலான் கடைக்குப் போயின. அப்பா பின்னாலேயே போய், தன் அறையில் இருந்த கம்ப்யூட்டர் பெட்டியையும் கீபோர்டையும் கிலோ கணக்கில் விலை பேசி வாங்கி வந்துவிட்டார். வாழ்நாள் முழுக்க எடை போட்டவர், கடைசியில் தன் கம்ப்யூட்டரையும் எடை போட்டுத்தான் வாங்கினார் என்று அம்மா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

அது பொன்னேரி வீட்டுப் பரணில் பத்து வருஷத்துக்கு மேல் கிடந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் இறக்கினேன். ரிச்சி ஸ்ட்ரீட்டில் உதிரி உதிரியாக வாங்கிச் சேர்த்துக் கட்டிய 90களின் பெட்டி அது. பக்கவாட்டுத் தகடுகள் பெயின்ட் அடித்த இரும்பு. அவை இன்னும் அதே பழைய க்ரீம் நிறத்தில் இருந்தன. முன்பக்கத்துப் பிளாஸ்டிக் முகப்பும் கீபோர்டும் மட்டும் பீடி குடிக்கிறவர் பல் மாதிரி மஞ்சள். ஒரே நிறத்தில் கடையை விட்டு வந்தவை இவை என்பதை நம்பவே முடியாது.

முதலில் அழுக்கு என்றுதான் நினைத்தேன். ஃபர்னஸ் பக்கத்து அறை, புகை படிந்திருக்கும் என்று ஒரு கணக்கு. சோப்பு, கொலின், ஸ்பிரிட் என்று எதைப் போட்டுத் தேய்த்தும் கறுப்பு அழுக்குதான் போனதே தவிர மஞ்சள் அசையவில்லை. முகப்பின் உள்பக்க மூலையில் பிளேடால் லேசாகச் சுரண்டினேன். மெல்லிய ஒரு படலத்துக்குக் கீழே பழைய நிறம் அப்படியே இருந்தது. ஆக மஞ்சள் வெளியிலிருந்து வந்து ஒட்டியதில்லை, பிளாஸ்டிக்கின் தோலே மாறியிருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள அந்தப் பிளாஸ்டிக்கின் பூர்வீகத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டர், டெலிபோன், கீபோர்டு எல்லாவற்றுக்கும் உடலாக இருந்தது பெரும்பாலும் ஏபிஎஸ். அக்ரிலோநைட்ரைல், பியூட்டாடையீன், ஸ்டைரீன் என்ற மூன்றின் முதலெழுத்துகள். அமெரிக்காவில் போர்க் வார்னர் நிறுவனம் 1954இல் சைக்கோலாக் என்ற பெயரில் இதைச் சந்தைக்குக் கொண்டு வந்தது. ஸ்டைரீன் பளபளப்பைத் தருகிறது, அக்ரிலோநைட்ரைல் எண்ணெய்க்கும் சூட்டுக்கும் தாக்குப்பிடிக்க வைக்கிறது, பியூட்டாடையீன் ரப்பர் குணம் தருகிறது. கீழே விழுந்தால் கண்ணாடி மாதிரி நொறுங்காமல் இருப்பது அந்த ரப்பரால்தான். ஆனால் பலவீனமும் அதே இடத்தில்தான். பியூட்டாடையீன் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் மிச்சம் இருக்கின்றன. ஆக்ஸிஜன் முதலில் போய் உட்காருவது அங்கே. புற ஊதாக் கதிரும் சூடும் அதை விரட்டி வேலை வாங்குகின்றன. வருஷக்கணக்கில் நடக்கும் இந்த ஆக்ஸிகரணத்தில் நீல ஒளியை விழுங்கும் மூலக்கூறு அமைப்புகள் மேல்தோலில் உருவாகின்றன. வெள்ளை ஒளியில் நீலத்தை எடுத்துவிட்டால் நம் கண்ணுக்கு மிஞ்சுவது மஞ்சள்.

பழைய கம்ப்யூட்டர் சேகரிப்பாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வந்த காரணம் வேறு: புரோமின். கம்ப்யூட்டர் பெட்டி தீப்பிடித்தால் பரவக் கூடாது என்பதற்காகப் பிளாஸ்டிக்கில் புரோமின் கலந்த தீத்தடுப்புச் சேர்மங்களைக் கலந்தார்கள். வெயில் பட்டு அந்தப் புரோமின் பிரிந்து வெளியே வருவதுதான் மஞ்சள் என்பது அவர்கள் கதை. கேட்க நன்றாக இருக்கிறது, நானும் கொஞ்ச நாள் நம்பினேன். என்னை மாற்றியது லெகோ கட்டைகள். லெகோ 1963இல் ஏபிஎஸ்ஸுக்கு மாறியது. குழந்தைகள் வாயில் வைக்கும் அந்தக் கட்டைகளில் புரோமின் தீத்தடுப்பு கிடையாது. ஆனாலும் பழைய வெள்ளைக் கட்டைகள் நன்றாகவே மஞ்சளாகின்றன. புரோமின் சேர்மங்கள் இந்த ஆக்ஸிகரணத்தை வேகப்படுத்தலாம், ஒரே மாதிரியான இரண்டு பெட்டிகள் வெவ்வேறு அளவில் மஞ்சளாவதற்கு அது ஒரு காரணமாகவும் இருக்கலாம். மூலக் குற்றவாளி ரப்பர்தான் என்பது என் முடிவு. புரோமின் விஷயம் முக்கியமில்லை என்று சொல்ல மாட்டேன். அது வேறொரு இடத்தில் திரும்பி வருகிறது, கடைசியில் சொல்கிறேன்.

மஞ்சளை எடுக்கும் வழி 2007 வாக்கில் ஜெர்மனியில் பழைய கம்ப்யூட்டர் ஆர்வலர்கள் மத்தியில் முதலில் பதிவானது. ஹைட்ரஜன் பெராக்சைடில் பிளாஸ்டிக்கை முக்கி வெளிச்சத்தில் வைத்தால் மஞ்சள் போகிறது என்று கண்டார்கள். அடுத்த வருஷமே ஆங்கிலம் பேசும் ஆர்வலர்கள் அதைப் பிடித்துக்கொண்டு செய்முறையைத் தேய்த்து மெருகேற்றினார்கள். ரெட்ரோபிரைட் என்று பெயரும் வைத்தார்கள். பெரிய பெட்டியை முக்குவதற்கு அண்டா அண்டாவாகப் பெராக்சைடு வேண்டும். அதனால் சாந்தான் கம் சேர்த்துக் கூழாக்கிப் பூசினார்கள். துணிக்கறை போக்கும் வானிஷ் மாதிரியான பொடியில் ஒரு சிட்டிகை சேர்த்தால் வேலை வேகமாகிறது என்றார்கள். அந்தப் பொடியில் பெராக்சைடைத் தூண்டிவிடும் டிஏஇடி என்ற சேர்மம் இருக்கிறது. பிறகு யாரோ ஒரு புண்ணியவான், இவ்வளவு கஷ்டம் எதற்கு, முடிக்கு நிறம் ஏற்றும் சலூன்களில் விற்கிற டெவலப்பர் க்ரீமே கெட்டியான பெராக்சைடுதானே என்று கண்டுபிடித்தார். இன்றைக்கு உலகம் முழுக்க அந்த க்ரீம்தான் ஓடுகிறது.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. சாம்பார் கறை பிடித்த டிஃபன் பாக்ஸைக் கழுவி மொட்டை மாடியில் வெயிலில் கவிழ்த்து வைக்காத வீடு தமிழ்நாட்டில் உண்டா? மஞ்சள்தூளின் நிறம் ஒளி பட்டால் உடைந்து போகும். சாயங்காலம் டப்பா வெள்ளையாக இருக்கும். கம்ப்யூட்டர் மஞ்சளும் மஞ்சள்தூள் மஞ்சளும் வேதியியலில் வேறு வேறு, ஆனால் நிறம் தரும் மூலக்கூறை ஒளி உடைக்கிறது என்ற சூட்சுமம் ஒன்றேதான். பெராக்சைடே இல்லாமல் வெறும் வெயிலில் பல நாள் வைத்தே பெட்டிகளை வெளுத்தவர்களும் இருக்கிறார்கள். வெயிலே இல்லாமல் சூடான பெராக்சைடில் முக்கி வெளுத்தவர்களும் இருக்கிறார்கள்.

பொன்னேரியிலிருந்து கிழக்கே சுமார் 20 கிலோமீட்டர் போனால் பழவேற்காடு. டச்சுக்காரர்கள் 1610 வாக்கில் வந்து இறங்கி, 1613இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிய ஊர். இன்றைக்கு நாம் அங்கே போவது பூநாரை பார்க்கவும் இறால் சாப்பிடவும்தான். அவர்கள் வந்தது துணிக்காக. புலிகாட் என்ற ஊர்ப்பெயர் ஆங்கிலத்தில் ஒரு வகை வண்ணக் கைக்குட்டைக்கே பெயராகிவிட்டது. வண்ணம் தீட்டுவதற்கு முன்னால் துணி வெளுப்பாக வேண்டும், தீட்டிய பிறகு நடுவில் உள்ள வெற்றிடம் மறுபடி வெளுப்பாக வேண்டும். வெளுப்பவர் இல்லாமல் இந்த வியாபாரம் ஒரு நாள் நடக்காது. சென்னையில் ஆங்கிலக் கம்பெனியின் துணியை வெளுத்தவர்கள் குடியிருந்த இடம்தான் வண்ணாரப்பேட்டை. மெட்ரோ ஸ்டேஷன் பலகையில் அந்தப் பெயரைப் பார்க்கிறவர்களில் எத்தனை பேருக்கு அது ஒரு ஏற்றுமதித் தொழிலின் பெயர் என்று தோன்றும்?

சோழமண்டலக் கரையில் இருந்த பிரெஞ்சு ஜேசுயிட் பாதிரியார் கேர்தூ, இங்கே துணிக்கு எப்படி வண்ணம் தீட்டுகிறார்கள் என்று 1742இல் விவரமாகக் கடிதம் எழுதினார். சமஸ்கிருதத்துக்கும் லத்தீனுக்கும் உறவு இருப்பதை வில்லியம் ஜோன்ஸுக்கு முன்பே கவனித்த அதே கேர்தூதான். ஐரோப்பாவுக்கு அன்றைக்கு இது தொழில் ரகசியம். அந்தக் காலத்துக் குறிப்புகளில் வரும் வெளுப்பு முறை இது: துணியைச் சாணம் கரைத்த நீரில் ஊறவைப்பது, பிறகு வெயிலில் விரித்துக் காயக் காய நீர் தெளித்துக்கொண்டே இருப்பது. முழுக்கக் காய்ந்துவிடக் கூடாது. ஒளியும் ஈரமும் காற்றும் சேரும் இடத்தில் சிறிதளவு பெராக்சைடு தானாகவே உண்டாகி நிறத்தை உடைக்கிறது என்பது வேதியியலாளர்கள் பின்னாளில் தந்த விளக்கம். பெராக்சைடு என்ற பொருளையே பிரான்ஸில் தெனார் 1818இல்தான் கண்டுபிடித்தார்.

ரெட்ரோபிரைட் செய்கிறவர்கள் கூழைப் பூசிய பிறகு மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றுகிறார்கள். ஏன் என்றால் காய்ந்துவிடக் கூடாது; காய்ந்தால் திட்டுத் திட்டாகிவிடும். நீர் தெளித்துக்கொண்டே இருந்தவரும் தாள் சுற்றுகிறவரும் காப்பாற்றப் பார்ப்பது ஒரே ஈரத்தைத்தான். நம் ஊர் வெள்ளாவியில் உவர்மண் போட்டு ஆவி கட்டுவார்கள். உவர்மண் என்பது காரம், சோடியம் கார்பனேட். திருப்பூரில் இன்றைக்குப் பனியன் துணியை வெளுப்பதும் காஸ்டிக் சோடா சேர்த்துச் சூடாக்கிய பெராக்சைடில்தான். காரம் சேர்ந்தால் பெராக்சைடு விழித்துக்கொள்ளும். இதனால் நம் முன்னோர் ரெட்ரோபிரைட் கண்டுபிடித்தார்கள் என்று யாரும் ஃபார்வர்டு அனுப்பிவிட வேண்டாம். துணி வேறு, ஏபிஎஸ் வேறு. நான் சொல்வது, வெளுப்பது என்ற கைவேலையின் அறிவு இந்தக் கரைக்குப் புதிதில்லை என்பது மட்டும்.

இவ்வளவு பெருமை பேசிவிட்டு நான் செய்த முதல் முயற்சி படுதோல்வி. மேல்நாட்டுக் குறிப்புகள் எல்லாம் வெயில் எப்போது வரும் என்று ஏங்குகிறவர்கள் எழுதியவை. நல்ல உச்சி வெயிலில் வையுங்கள் என்பார்கள். நான் மே மாசம் பதினோரு மணிக்குப் பொன்னேரி மொட்டை மாடியில் வைத்தேன். கால் வைக்க முடியாத தரை. சலூன் க்ரீம், 40 வால்யூம், அதாவது 12 சதவீதம். கீபோர்டின் மேல் மூடிக்குப் பூசித் தாள் சுற்றி வைத்துவிட்டு, கீழே போய்ச் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து வந்தால், தாளுக்குள் க்ரீம் கொதித்துக் குமிழிட்டு அங்கங்கே காய்ந்து கிடந்தது. கழுவிப் பார்த்தால் மார்பிள் தரை மாதிரி வெள்ளை வரிகள். குமிழி இருந்த இடம் ஒரு நிறம், இல்லாத இடம் ஒரு நிறம். தேமல் பிடித்த முகம்தான். அந்த வரிகள் இன்றுவரை முழுதாகப் போகவில்லை.

இரண்டாம் முறை தை மாசத்தில் செய்தேன். க்ரீம் வேண்டாம் என்று முடிவு பண்ணி, மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் 6 சதவீதப் பெராக்சைடைப் பாட்டில் பாட்டிலாக வாங்கினேன். நான்காவது கடைக்காரர் வீட்டில் யாருக்கு என்ன காயம் என்று கவலையோடு விசாரித்தார். அகலமான பிளாஸ்டிக் டப்பில் ஊற்றி, கீபோர்டு மூடியையும் கழற்றிய விசைகளையும் முழுக்க முக்கி, காலை எட்டு மணியிலிருந்து பதினோரு மணி வரை மட்டும் வெளியே வைத்தேன். மிதக்கிற விசைகள் மேல் ஒரு கண்ணாடித் துண்டு. அரை மணிக்கு ஒரு தடவை திருப்பி விட்டேன். நாலு நாள் ஆனது. நாலாம் நாள் விசைகள் எல்லாம் கடையில் வாங்கியது போல வெளுத்து நின்றன. அப்போது வந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். செய்து பார்க்க நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் இறங்க வேண்டாம். 12 சதவீதம் பட்டே என் விரல் நுனி வெள்ளையாகி அரை நாள் எரிந்தது. சாயப்பட்டறைக்குப் போகும் 50 சதவீதக் கேனை மலிவு என்று யாரும் வீட்டுக்குத் தூக்கி வராதீர்கள்.

இனிமேல்தான் இந்தக் குறிப்பை எழுத வைத்த விஷயம். வேலை முடிந்ததும் முன், பின் என்று இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று போனில் பழைய படத்தைத் தேடினேன். வெளுப்பதற்கு முன் ஒரே ஒரு படம்தான் எடுத்திருந்தேன், அதுவும் பரணிலிருந்து இறக்கிய அன்று டியூப்லைட் வெளிச்சத்தில், கொஞ்சம் ஆடிப்போன படம். அதைப் பெரிதாக்கிப் பார்த்தபோது எஃப் வரிசை விசைகளில் மூன்று மட்டும் மற்றவற்றைவிட வெளிறி இருந்தன. எஃப் 2, எஃப் 3, எஃப் 9. விசையின் நடுவில் சிறிய செவ்வகமாக வெள்ளை, ஓரத்தில் மஞ்சள். அந்த இடத்தில் நெடுங்காலம் ஏதோ ஒட்டியிருந்திருக்கிறது. ஒட்டியது ஒளியை மறைத்திருக்கிறது, அதன் நிழல் பிளாஸ்டிக்கில் தங்கியிருக்கிறது. டப்பிலிருந்து எடுத்த விசைகளில் அந்த நிழல் இல்லை. எல்லாம் ஒரே வெள்ளை.

அப்பாவிடம் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"லோடு, காலி, சீட்டு" என்றார்.

"என்னப்பா?"

"பேப்பர்ல எழுதி ஒட்டினது. நைட்டு ஷிஃப்ட்டுக்கு வர்ற ஆளுக்கு இங்கிலீஷ் வராது. நான் இல்லாதப்ப அவரு தடுமாறுவாரு. அதான் எஃப் ரெண்டுல லோடு, மூணுல காலி, ஒன்பதுல சீட்டு. மேல செலோ டேப். மாசத்துக்கு ஒரு தடவை பிஞ்சுடும், திரும்ப எழுதுவேன்."

லோடு ஏற்றிய எடை, காலி வண்டி எடை, சீட்டு அச்சிடு. மென்பொருளில் அவற்றின் பெயர் கிராஸ், டேர், பிரிண்ட். மூன்று துண்டுக் காகிதத்தில் அந்த மென்பொருளை அப்பா தமிழாக்கியிருக்கிறார்! நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். இந்த வேலைக்கு எங்கள் தொழிலில் பெரிய பெயரெல்லாம் உண்டு, தனிக் குழுவே உண்டு. தமிழ்க் கணிமை வரலாறு என்று நாம் எழுதும்போது 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைச் சொல்வோம், அதையொட்டித் தமிழக அரசு தமிழ்99 விசைப்பலகையை ஏற்றதைச் சொல்வோம். சொல்லத்தான் வேண்டும். ஏறக்குறைய அதே வருஷங்களில் கும்மிடிப்பூண்டியில் ஒரு வே பிரிட்ஜ் அறையில் செலோ டேப்பால் ஒரு விசைப்பலகை தமிழாகியிருந்தது என்பதற்கு இருந்த ஒரே தடயம் மூன்று விசைகளின் மஞ்சள் வித்தியாசம். அதைத்தான் நான் நாலு நாள் முக்கி எடுத்திருக்கிறேன்.

"ஏன்டா, இதையெல்லாம் கேட்டுட்டு அப்புறம் வெளுத்திருக்கலாம்ல" என்றார் அப்பா. கோபமாக இல்லை. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

முன்பக்க முகப்பை அதுவரை நான் தொடாமல் வைத்திருந்தது அதிர்ஷ்டம். அதை எடுத்து வந்து ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்துப் பார்த்தோம். இடது ஓரம் வலது ஓரத்தைவிட அடர்ந்த மஞ்சள். ஜன்னல் அந்தப் பக்கம்தான், லாரி டிரைவர் சீட்டு வாங்க அதன் வழியாகத்தான் கையை நீட்டுவார் என்றார். ஃபிளாப்பி டிரைவுக்கு மேலே தீப்பெட்டி அளவில் வெளிறிய செவ்வகம்: ஆயுத பூஜை அன்று ஒட்டிய சாமி ஸ்டிக்கர். கீழே வலது மூலையில் நீளமாக ஒரு பட்டை, ஸ்டெபிலைசரின் மேல்விளிம்பு மறைத்த இடம். ஒரு மணி நேரத்தில் அந்த அறை முழுவதையும் தாளில் வரைந்துவிட்டோம். மேசை எங்கே, பிரிண்டர் எங்கே, குடிநீர்ப் பானை எங்கே. மஞ்சள் இல்லாமல் இந்தப் பேச்சே வந்திருக்காது.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெளுத்தால் பிளாஸ்டிக் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. பெராக்சைடும் ஒரு ஆக்ஸிகரணிதான். நிறம் தரும் அமைப்பை அது உடைக்கிறது, அவ்வளவே. ஏற்கெனவே சிதைந்த ரப்பர் சங்கிலி சிதைந்தபடியேதான் இருக்கிறது. அதனால்தான் வெளுத்த பெட்டிகள் சில வருஷங்களில் மறுபடி மஞ்சளாகின்றன, இருட்டில் மூடி வைத்திருந்தாலும்கூட. 2010 வாக்கில் ஆசை ஆசையாக வெளுத்த சேகரிப்பாளர்கள் பலர் பின்னாளில் இதைப் பார்த்து நொந்துபோயிருக்கிறார்கள்.

நம் நாட்டில் வெளுப்பதற்கு எத்தனை கம்ப்யூட்டர் மிஞ்சியிருக்கிறது என்பது அடுத்த கேள்வி. 1984இல் மத்திய அரசு கிளாஸ் என்ற திட்டத்தைத் தொடங்கியபோது முதலில் சுமார் 250 பள்ளிகளுக்குப் பிரிட்டனின் பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர்கள் வந்தன. பிறகு மொகாலியில் இருந்த அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் அதையே யூனிகார்ன் என்ற பெயரில் இங்கே செய்தது. செருப்பைக் கழற்றிவிட்டு ஏசி அறைக்குள் போய், தைத்த உறையை எடுத்துவிட்டுத் தொட்ட தலைமுறை அது. பிரிட்டனில் பிபிசி மைக்ரோவை வெளுத்துப் பளபளப்பாக்கி வீட்டில் வைத்திருக்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். நம் பள்ளிகளில் அவை கண்டம் செய்யப்பட்டு ஏலத்தில் போயின. புதுச்சேரி சேதராப்பட்டில் எச்சிஎல் செய்த பெட்டிகள், டிவிஎஸ் கோல்டு கீபோர்டுகள் என்று நாம் தொட்டு வளர்ந்த எல்லாவற்றுக்கும் போகும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்.

அந்த இடத்தில் ஒரு பகுதி எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. திருவள்ளூர் மாவட்டத்தின் தொழிற்பேட்டைகளில் மின்கழிவை உடைக்கும் அனுமதி பெற்ற ஆலைகள் உண்டு. கணக்கில் வராத காயலான் கடைகளும் உண்டு. இரும்புத் தகடு ஃபர்னஸுக்குப் போய்க் கம்பியாகிவிடும். போர்டில் இருக்கும் செம்புக்கும் தங்கத்துக்கும் ஆள் இருக்கிறது. மஞ்சள் பிளாஸ்டிக்கைத்தான் யாரும் மதிப்பதில்லை. நெடுஞ்சாலை ஓரத்துக் காயலான் கடைக்காரர் ஒருவரிடம் கேட்டேன். "கலர் போன மால் சார், இதை வெள்ளையாக்க முடியாது. அரைச்சு, கறுப்பு கலந்து தானா போட்டுடுவாங்க" என்றார். தானா என்றால் உருக்கி வெட்டிய பிளாஸ்டிக் மணி. கார்பன் கறுப்பைக் கலந்துவிட்டால் எந்த வயசு மஞ்சளும் தெரியாது.

புரோமின் திரும்பி வருகிறது என்றேனே, அது இங்கேதான். தீத்தடுப்பு கலந்த பிளாஸ்டிக் கொஞ்சம் கனம். உப்புக் கரைசலில் போட்டால் அது மூழ்கும், சாதா ஏபிஎஸ் மிதக்கும். இப்படிப் பிரிக்காமல் எல்லாவற்றையும் ஒன்றாக அரைத்தால் புரோமின் சேர்மங்களும் கறுப்புத் தானாவுக்குள் போய்விடும். உலகின் பல பாகங்களில் கறுப்புப் பிளாஸ்டிக் பொம்மைகளிலும் சமையல் கரண்டிகளிலும் இவை கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. பழைய ஏபிஎஸ் பெட்டிகளில் அதிகம் கலந்த ஆக்டா வகை 2009இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப்பட்டியலில் சேர்ந்தது. இந்தியாவில் 2011இன் மின்கழிவு விதிகள் 2012 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தன. புதுக் கருவிகளில் இந்தப் புரோமின் சேர்மங்கள் 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்ற பிரிவு அதற்கும் இரண்டு வருஷம் கழித்து அமலானது. விதி புதுக் கருவிக்கு. அதற்கு முன் வந்த பெட்டிகள் இன்னும் உடைபட்டுக்கொண்டுதான் இருக்கின்றன.

இப்போது நான் செய்வது இது. பழைய சாமான் எது கைக்கு வந்தாலும் முதல் வேலை படம் எடுப்பது. நிழல் விழாத பகல் வெளிச்சத்தில், ஒவ்வொரு பக்கமும், ஒவ்வொரு விசையும், பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளும் அளவுகோலும் வைத்து. முடிந்தால் அதைப் பயன்படுத்தியவரை உட்கார வைத்துக் கேட்பது. வெளுப்பது அதற்குப் பிறகுதான், அதுவும் வேண்டுமா என்று யோசித்து. வெளுத்த கீபோர்டு நன்றாகத்தான் இருக்கிறது, என் மேசையில் கண்ணுக்கு அழகாக இருக்கிறது என்பதையும் மறுக்க மாட்டேன். முகப்பை மட்டும் வெளுக்கப் போவதில்லை. அது அப்பாவின் பழைய வேட்டியில் சுற்றி அலமாரியில் இருக்கிறது.

வெளுத்து மூன்று வருஷம் ஆகப்போகிறது. போன வாரம் பார்த்தேன், கீபோர்டின் ஓரங்களில் லேசாக மஞ்சள் திரும்ப ஏறத் தொடங்கியிருக்கிறது. எஃப் 2, எஃப் 3, எஃப் 9 மூன்றும் மற்ற விசைகளோடு ஒரே சீராக மஞ்சளாகின்றன. அப்பாவிடம் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கொடுத்து, அந்த மூன்று சீட்டுகளை மறுபடி எழுதித் தரச் சொன்னேன். கை நடுங்குகிறது, இருந்தாலும் எழுதினார். அவற்றை விசைமேல் ஒட்டவில்லை, படத்தோடு சேர்த்து வைத்திருக்கிறேன். காலி என்பதில் கால் போட மறந்துவிட்டார். கலி என்று இருக்கிறது. அன்றைக்கும் ஒரு தடவை அப்படித்தான் எழுதி ஒட்டிவிட்டதாகவும், டிரைவர்கள் ஒரு மாசம் கேலி செய்ததாகவும் சொன்னார்.